ஊதி ஊதியே கெட்டுப்போன ஃபில்டர்

கேள்வி: கார்புரேட்டர் பைக் சார், 18,000 கிமீ ஓடிருச்சு. ஒவ்வொரு சர்வீஸ்லயும் ஏர் ஃபில்டரை கழட்டி காத்தடிச்சு அப்படியே மாட்டிடறாங்க, புதுசு போட்டதே இல்ல. இப்ப மேடு ஏறுறதுக்குள்ள மூச்சு வாங்குது, பிளக்கும் கரி பிடிச்சு வருது. ஃபில்டரை எடுத்துட்டு ஓட்டு, பிக்கப் தானா வரும்னு ஃப்ரெண்டு சொல்றான், செய்யலாமா?

பதில்: வேணவே வேணாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறக்குறைய 9,000 லிட்டர் காத்து வேணும், அவ்வளவு காத்தும் வடிகட்டாம உள்ள போனா அதுல வர்ற பொடி மண்ணு ஆயில்ல கலந்து உப்புத்தாள் மாதிரி போரையும் (பிஸ்டன் மேல கீழ ஓடுற சிலிண்டர் சுவர்) பிஸ்டன் ரிங்கையும் தேய்ச்சிடும், அப்புறம் சைலன்சர்ல நீலப்புகை வரும், போர் வேலைக்கு ஆகுற செலவுல எத்தனையோ ஃபில்டர் வாங்கிடலாம்.

உங்க வண்டி மூச்சு வாங்குறதுக்கு காரணம் ஃபில்டர் அடைச்சதா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். காத்து குறையுது, பெட்ரோல் அதே அளவு வருது, அதாவது சோக்கை பாதி இழுத்துவிட்டு ஓட்டுற கதைதான், கரி பிடிக்காம என்ன செய்யும்? (எஃப்ஐ வண்டியா, அதாவது கார்புரேட்டருக்கு பதிலா சென்சார் பார்த்து பெட்ரோலை தெளிக்கிற ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டியா இருந்தா அதுவே பெட்ரோலை குறைச்சுக்கும், கரி தெரியாது, இழுவை மட்டும் போயிடும்.)

இப்ப ஃபில்டரை கழட்டி பேப்பரை விரலால தொட்டுப் பாருங்க. பிசுபிசுன்னு இருந்தா அது ஆயில் பேப்பர், அதுக்கு காத்தே அடிக்கக் கூடாது, ஆயில்ல ஒட்டின தூசி காத்துக்கு வராது, அழுக்கானா புதுசுதான். பல பேர் இங்கதான் கோட்டை விடுறாங்க. காஞ்ச பேப்பர்னா லேசா தட்டி, உள்பக்கத்துல இருந்து வெளிய பார்த்து கம்மி பிரஷர்ல அடிக்கலாம், ஆனா எத்தனை தடவை? ஓங்கி அடிச்சா பேப்பர் கிழிஞ்சு கண்ணுக்கு தெரியாத ஓட்டை விழும். வண்டி மேனுவல்ல எத்தனை கிலோமீட்டர்ல மாத்தணும்னு போட்டிருக்கும், தூசி ரோட்டுலயே ஓட்டுறவங்க அதுக்கு முன்னாடியே மாத்திடணும்.

புதுசு மாட்டும்போது பெட்டிக்குள்ள ஈரத்துணியால துடைங்க, இன்ஜினுக்கு போற வாயில ஒரு சுத்தமான துணியை வச்சு அடைச்சுட்டு துடைங்க, முடிச்சதும் அந்த துணியை எடுக்க மறந்துடாதீங்க (நான் ஒரு தடவை மறந்துட்டு கிக்கர் அடிச்சு அடிச்சு கால் வீங்கினது தனிக்கதை). ஓரத்து ரப்பர் சரியா உக்காரலன்னா புது ஃபில்டர் போட்டும் புண்ணியமில்ல, தூசி அந்த சந்து வழியா போயிடும்.

கேள்வி: என் பழைய வண்டில ஸ்பான்ஞ்சு ஃபில்டர். பெட்ரோல்ல கழுவலாமா?

பதில்: பெட்ரோல் வேணாங்க, தீப்பிடிக்கிற ஆபத்து, ஒட்டியிருக்கிற பசையும் விட்டுப்போகும். சோப்புத்தண்ணில அலசி, முறுக்காம அமுக்கிப் பிழிஞ்சு நிழல்ல நல்லா காய வைங்க. காஞ்சதும் ஃபில்டர் ஆயில் தடவி மிச்சத்தை பிழிஞ்சு எடுத்துட்டு மாட்டுங்க, ஆயில் இல்லாம மாட்டினா பொடித்தூசி நேரா உள்ள போயிடும். கையில எடுத்தா உதிருதுன்னா கழுவாதீங்க, தூக்கிப் போட்டுருங்க.