கிளட்சுக்காக இன்னொரு கடன் வேண்டாம்

கேள்வி: எனக்கு வயது 31. என் டர்போ பெட்ரோல் காரை இரண்டு ஆண்டுகளாக நானும் மச்சானும் வீட்டிலேயே மேம்படுத்தி வருகிறோம். முதலில் இன்டர்கூலர், அடுத்து எக்ஸாஸ்ட், இரண்டு மாதத்துக்கு முன் பெரிய டர்போ. மூன்றும் தவணையில் வாங்கியவை. கார் வந்தபோது 150 குதிரைத்திறன், என் இலக்கு 280. இப்போது முழு பூஸ்ட்டில், அதாவது டர்போ முழு அழுத்தத்தில் காற்றைத் தள்ளும்போது, 5,000 ஆர்பிஎம்மைத் தாண்டினால் இன்ஜின் விக்குகிறது. காற்று-பெட்ரோல் விகிதத்தை அளக்கும் ஏர்-ஃபியூவல் மீட்டர் 13 காட்டுகிறது (எண் கூடினால் பெட்ரோல் குறைவு). நான்காவது கியரில் கிளட்ச் வழுக்குகிறது. கிளட்ச், இன்ஜெக்டர், ஃபியூவல் பம்ப், மறுபடி டியூனிங் எல்லாவற்றுக்கும் சேர்த்து 12 சதவீத வட்டியில் 24 மாதக் கடன் தருவதாகச் சொல்கிறார்கள். வாங்கி வேலையை முடித்துவிடலாமா? அல்லது இப்போதைக்கு ஒரு டியூனிங் பாக்ஸ் மாட்டிச் சமாளிக்கலாமா? கார்டு பாக்கியை நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

பதில்: கடன் வேண்டாம். டியூனிங் பாக்ஸும் வேண்டாம். முழு பூஸ்ட்டில் ஓட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

டர்போ எப்படி வேலை செய்கிறது, வட்டி எப்படி ஏறுகிறது என்பதை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. உங்கள் சிக்கல் ஒரே ஒரு பழக்கத்தில் இருக்கிறது. ஒரு பாகத்தை வாங்கும்போது அந்தப் பாகத்தின் விலையை மட்டும் பார்க்கிறீர்கள். அது தன் பின்னால் இழுத்து வரும் பாகங்களின் விலையைப் பார்ப்பதில்லை. தவணை வசதி இந்தப் பழக்கத்துக்குத் தீனி போடுகிறது. மாதத் தவணையைக் கட்ட முடியுமா என்று யோசித்தீர்களே தவிர, இந்த டர்போவை இந்த இன்ஜின் தாங்குமா என்று கணக்குப் போடவில்லை.

நீங்கள் எழுதிய தொகைகளை அப்படியே வெளியிடவில்லை. கைக்கு வரும் மாதச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்கிறேன். குடும்பச் செலவு 55. கார் கடன் தவணை 18. இன்டர்கூலருக்கு மாதம் 3 (இன்னும் 5 மாதம்), எக்ஸாஸ்ட்டுக்கு 4 (7 மாதம்), டர்போவுக்கு 8 (10 மாதம்), ஆக 15. மொத்தம் 88 போனால் மீதி 12. கார்டில் 60 பாக்கி. அதற்குக் குறைந்தபட்சத் தொகையாக 3 கட்டுகிறீர்கள். மிஞ்சும் 9 ஆயிலுக்கும் கேஸ்கெட்டுக்கும் போகிறது. சேமிப்பு என்று ஒரு காசு இல்லை.

கார்டு பாக்கிக்கு மாதம் 3 சதவீத வட்டி என்கிறீர்கள். 60க்கு அது 1.8. நீங்கள் கட்டும் 3இல் அசலைத் தொடுவது 1.2தான். ஆண்டுக் கணக்கில் கூட்டு வட்டியாக 42 சதவீதத்துக்கு மேல். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது இதுதான் என்றால் அந்தப் பயம் சரியானதே.

டர்போவை 'வட்டியில்லாத் தவணை'யில் வாங்கியதாகப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அதே கடிதத்தில் ரொக்க விலை 88 என்றும் இருக்கிறது. நீங்கள் கட்டப்போவது 8 × 12 = 96. தள்ளுபடியாகக் கிடைத்திருக்க வேண்டிய 8ஐ விட்டுக்கொடுத்தீர்கள். அதை வட்டியாக மாற்றினால் ஆண்டுக்கு ஏறக்குறைய 16 சதவீதம். இப்போது தருவதாகச் சொல்லும் 12 சதவீதக் கடனையும் உற்றுப் பாருங்கள். கடன் தொகை 110க்கு இரண்டு ஆண்டு வட்டி 26.4, மாதம் 5.7 என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அது நிலை வட்டி. அசல் மாதாமாதம் குறைந்தாலும் முழு 110க்கும் வட்டி போடுகிறார்கள். குறையும் நிலுவைக்குக் கணக்கிட்டால் அது 21 முதல் 22 சதவீதம்.

இனி டர்போவின் கணக்கு. இதை வாங்குவதற்கு முன் ஒரு தாளில் போட்டிருக்க வேண்டும்.

டர்போ இன்ஜினில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 0.6 பவுண்டு பெட்ரோல் தேவை. 280 குதிரைத்திறனுக்கு 168 பவுண்டு. பெட்ரோலைத் தெளிக்கும் நான்கு இன்ஜெக்டருக்குப் பிரித்தால் ஆளுக்கு 42. இன்ஜெக்டரை 80 சதவீத நேரத்துக்கு மேல் திறந்துவைக்கக் கூடாது என்று எடுத்துக்கொண்டால் 52.5 பவுண்டு, அதாவது நிமிடத்துக்கு 550 சிசி இன்ஜெக்டர். உங்களுடையது 360 சிசி. அதை 85 சதவீதம் வரை தள்ளினாலும் 194 குதிரைத்திறனோடு பெட்ரோல் தீர்ந்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு பெரிய டர்போ மாட்டினாலும் உள்ளே போவது வெறும் காற்று.

ஆகவே அந்த டர்போவின் உண்மையான விலை 96 அல்ல. கிளட்ச் 45, இன்ஜெக்டர் 25, பம்ப் 15, டியூனிங் 20, சில்லறைச் சாமான்கள் 5 என்று நீங்களே போட்ட பட்டியலைச் சேர்த்தால் 206. உங்கள் இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டுகிறது. 206 என்று முதல் நாளே எழுதிப் பார்த்திருந்தால் வாங்கியிருக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

அந்தப் பட்டியலும் சரிதானா என்பது அடுத்த கேள்வி. விக்கலையும் மீட்டரில் வரும் 13ஐயும் பார்த்து, இன்ஜெக்டர் போதவில்லை என்று முடிவு கட்டிவிட்டீர்கள். இருக்கலாம். ஆனால் அந்த மீட்டருக்குக் கணக்குத் தரும் வைட்பேண்ட் சென்சார் அளப்பது எக்ஸாஸ்ட்டில் மிஞ்சும் ஆக்சிஜனை. ஒரு சிலிண்டரில் பொறி அணைந்து கலவை எரியாமல் வெளியேறினால் அதிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து வரும், பெட்ரோல் போதுமான அளவு இருந்தாலும் மீட்டர் 'பெட்ரோல் குறைவு' என்றே காட்டும். பூஸ்ட் கூடும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடி, பொறி தாண்டுவது கடினமாகிறது. பழைய ஸ்பார்க் பிளக்கில் இடைவெளி 1 மில்லிமீட்டர் இருந்தால் 5,000க்கு மேல் விக்குவது எதிர்பார்த்ததே. பிளக்கைக் கழற்றி, இடைவெளியை அளக்கும் தகடான ஃபீலர் கேஜால் அளந்து 0.65 மில்லிமீட்டருக்குக் குறையுங்கள். செலவு ஒன்றுமில்லை. நுனியில் பீங்கானை அழுத்தாமல், வெளி எலெக்ட்ரோடை மட்டும் மெல்ல வளையுங்கள்.

இன்ஜெக்டர் போதுமா என்பதையும் ஊகிக்க வேண்டியதில்லை. 6,000 ஆர்பிஎம்மில் ஒரு முழுச் சுழற்சிக்கு 20 மில்லிசெகண்ட்தான் உண்டு. டியூன் செய்தவர் எடுத்த அளவீட்டுப் பதிவில், அந்த வேகத்தில் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் 19 மில்லிசெகண்ட் என்றிருந்தால் 95 சதவீதம். அப்படியானால் சந்தேகமே இல்லை, பெட்ரோல் முடிந்துவிட்டது. 14 என்றிருந்தால் 70 சதவீதம், குற்றவாளி வேறு எங்கோ இருக்கிறான். பதிவை எடுத்துப் பாருங்கள். இதற்காக மட்டும் மறுபடி முழு பூஸ்ட்டில் ஓட்டாதீர்கள். முழு பூஸ்ட்டில் 11.5 முதல் 12 வரை இருக்க வேண்டிய இடத்தில் 13 உண்மையாகவே வந்தால் எரிவறை சூடேறி நாக்கிங் (கலவை நேரம் தவறித் தானே வெடிப்பது) வரும். பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு முதலில் உடையும். அதன் பிறகு நாம் பேச வேண்டியது 110ஐப் பற்றி அல்ல, முழு இன்ஜின் வேலையைப் பற்றி.

பூஸ்ட்டைக் குறைக்க, கன்ட்ரோல் சொலினாய்டை (பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் மின் வால்வு) விலக்கிவிட்டு, கம்ப்ரசரிலிருந்து வரும் ஹோஸை நேராக வேஸ்ட்கேட்டைத் (கூடுதல் எக்ஸாஸ்ட் வாயுவை டர்போவுக்குள் விடாமல் திருப்பும் கதவு) திறக்கும் ஆக்சுவேட்டரில் மாட்டுங்கள். ஸ்பிரிங்கின் பூஸ்ட் மட்டும் கிடைக்கும். அந்த ஹோஸைக் கழற்றித் தொங்கவிட்டால் பூஸ்ட் குறையும் என்று நினைத்துப் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அப்போது வேஸ்ட்கேட் திறக்கவே திறக்காது, பூஸ்ட் கட்டுப்பாடில்லாமல் ஏறும்.

டியூனிங் பாக்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. பூஸ்ட் சென்சாரின் கணக்கைக் குறைத்துக் காட்டி, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியுவை ஏமாற்றுவதே அதில் பெரும்பாலானவற்றின் வேலை. பெட்ரோல் பற்றாக்குறை என்று சந்தேகப்படும் இன்ஜினில், இருக்கும் ஒரே காவலாளியின் கண்ணைக் கட்டுவது போன்ற செயல் அது. 'இப்போது வாங்கு, பிறகு கொடு' செயலியில் அது சுலபமாகக் கிடைக்கிறது என்பதெல்லாம் ஒரு காரணமா?

நான் சொல்லும் வழி உங்களுக்குப் பிடிக்காது. பழைய டர்போவைத் திரும்ப மாட்டுங்கள். அதை விற்காமல் வைத்திருக்கிறீர்கள், நல்லதாகப் போயிற்று. இன்டர்கூலரும் எக்ஸாஸ்ட்டும் அப்படியே இருக்கட்டும். அவற்றுக்காக முன்பு எழுதிய மேப் (ஈசியுவுக்கான டியூனிங் அமைப்பு) உங்களிடம் இருக்கிறது, அதற்குக் காசும் கொடுத்தாயிற்று. அந்த மேப்பில் 185 குதிரைத்திறன் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். 360 சிசி இன்ஜெக்டரின் எல்லைக்குள் அது அடங்குகிறது. 150லிருந்து 185 என்பது சின்ன ஏற்றம் அல்ல.

பெரிய டர்போவை விற்றுவிடுங்கள். நீங்கள் கட்டும் 96இல் பாதிதான் கிடைக்கும் என்றாலும் 48. பழைய டர்போவை மாட்டிய பின், நான்காவது கியரில் 2,500 ஆர்பிஎம்மில் ஆக்சிலேட்டரை முழுதாக அழுத்திப் பாருங்கள். ஆர்பிஎம் ஊசி மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் ஏற்கெனவே கருகியிருக்கிறது. அப்போது கம்பெனி கிளட்ச் செட் போதும், உங்கள் பட்டியலில் அது 18. பந்தயக் கிளட்ச் 45 எதற்கு? மீதி 30 நேராகக் கார்டுக்கு. வழுக்காவிட்டால் 48ம் கார்டுக்கே.

கார்டு பாக்கி 30க்கு வந்தபின், மாதம் மிஞ்சும் 12ஐ அப்படியே அதில் போடுங்கள். வட்டியோடு சேர்த்து மூன்று மாதத்தில் முடியும், கேஸ்கெட்டுக்கும் ஆயிலுக்கும் ஒரு 4 மிஞ்சும். நான்காம், ஐந்தாம் மாதங்களில் 12 வீதம் சேமிப்பு. ஆறில் இன்டர்கூலர் தவணை முடிவதால் 15. எட்டில் எக்ஸாஸ்ட் முடிவதால் 19. பத்தாம் மாத முடிவில் கையில் 111. நீங்கள் கடனாகக் கேட்ட தொகை. ஆனால் அதை காருக்குத் தொடாதீர்கள். குடும்பச் செலவும் கார் தவணையும் மாதம் 73 என்னும்போது, வேலை போனால் அது ஒன்றரை மாதம்தான் தாங்கும். பதினொன்றாம் மாதத்திலிருந்து டர்போ தவணையும் நின்று மாதம் 27 மிஞ்சும். அதில் 17 அவசர நிதிக்கு, 10 காருக்கு. மூன்று மாதச் செலவு, அதாவது 219 சேரும்வரை இந்தப் பங்கை மாற்ற வேண்டாம்.

கார்டு பாக்கி 60இல் 14 மச்சானுடைய கார் சாமான்களுக்கானது, 'அடுத்த மாதம் தருகிறேன்' என்று ஆறு மாதமாகச் சொல்கிறார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். தொகையையும் தேதியையும் எழுதி அவருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். வந்தால் அன்றே கார்டில் கட்டுங்கள். நான் மேலே போட்ட கணக்கில் அதைச் சேர்க்கவில்லை, நீங்களும் சேர்க்க வேண்டாம். இனி அவருக்காகக் கார்டை நீட்டாதீர்கள். வேலைக்குக் கை கொடுக்கிறார் என்பது உண்மைதான். அதற்கு ஈடாக நீங்களும் அவர் வண்டிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுங்கள், கடனைக் கொடுக்க வேண்டியதில்லை.

மீண்டும் டர்போ ஆசை வரும்போது, வாங்குவதற்கு முன் இன்ஜினின் உடல்நிலையைப் பார்த்துவிடுங்கள். எல்லாப் பிளக்கையும் கழற்றி, பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்து, ஆக்சிலேட்டரை முழுதாக அழுத்தி கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் சேரும் அழுத்தம்) பாருங்கள். சிலிண்டர்களுக்கிடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த இன்ஜினில் பூஸ்ட் ஏற்றுவது பணத்தைக் கொளுத்துவது. இன்டேக் குழாயை அடைத்து, முதலில் 5 பிஎஸ்ஐ, பிறகு நீங்கள் ஓட்டும் பூஸ்ட் வரை காற்று ஏற்றி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்துக் கசிவைத் தேடுங்கள். ஒரு தளர்ந்த கிளாம்ப்பைப் பெரிய டர்போவால் சரிசெய்ய முனைந்தவர்கள் உண்டு.

இந்த மாற்றங்களைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்தீர்களா என்று கடிதத்தில் இல்லை. இல்லையென்றால் இந்த வாரமே எழுத்தில் தெரிவியுங்கள். பிரீமியம் கொஞ்சம் கூடலாம். மறைத்தது விபத்துக்குப் பிறகு வெளிப்பட்டால் இழப்பீடே மறுக்கப்படலாம், அப்போதும் 18 என்ற கார் தவணை நிற்காது.

பழைய டர்போவை மாட்டும்போது கேஸ்கெட்டுகள் புதிதாக இருக்கட்டும். ஆயில் திரும்பும் குழாய் எங்கும் மடங்காமல் கீழ்நோக்கிச் சரிந்து செல்ல வேண்டும். மாட்டிய பின் ஆயில் துவாரத்தில் கொஞ்சம் ஆயில் ஊற்றிக் கையால் டர்போவின் சக்கரத்தைச் சுற்றுங்கள். ஃபியூவல் பம்ப் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரை விட்டுவிட்டு இயக்குங்கள். அதன் பிறகே ஃபியூஸைப் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஆயில் இல்லாமல் சுழன்றால் பேரிங் சில நொடிகளில் போய்விடும், இருக்கும் ஒரே டர்போ அதுதான்.