பக்கத்து நாற்காலியில் உளவாளி

கேள்வி: வெளிநாட்டு நிருபர்களாக இருந்த பெரியவர்கள் நினைவுக் குறிப்பு எழுதினால், பெய்ரூட் கடற்கரையில் இருந்த செயின்ட் ஜார்ஜ் ஹோட்டல் பாரைப் பற்றி உருகாமல் விடுவதில்லை. ‘மத்தியக் கிழக்கின் செய்தியெல்லாம் அங்கேதான் கிடைத்தது’ என்கிறார்கள். நிஜமா, போதையா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: இரண்டும்தான்.

நிஜத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1950, 60-களில் டமாஸ்கஸிலும் பாக்தாத்திலும் ஆட்சி கவிழ்ந்துகொண்டே இருந்தது. பதவி போனவர் பெட்டியோடு வந்து இறங்கும் ஊர் பெய்ரூட். அடுத்த கவிழ்ப்புக்குத் திட்டம் போடுகிறவரும் அங்கேதான் இருப்பார். 1956-ல் லெபனான் வங்கி ரகசியச் சட்டம் கொண்டுவந்ததும் எண்ணெய்ப் பணமும் வந்து சேர்ந்தது. அக்கம்பக்கத்து நாடுகளைவிடப் பத்திரிகைகளுக்குக் கெடுபிடியும் குறைவு. தூதரக அதிகாரி, எண்ணெய்க் கம்பெனிக்காரர், ஒற்றர் என்று எல்லோரும் ஒரே பாரில் உட்கார்ந்திருந்தால், நிருபருக்கு நாலு நாடு அலையும் செலவு மிச்சம். அந்த அருமையை நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்த பாரின் மிகப் பெரிய செய்தி எது? பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்த கிம் ஃபில்பி. லண்டன் பத்திரிகைகளான அப்சர்வர், எகானமிஸ்ட் இரண்டுக்கும் நிருபராக 1956-ல் வந்தவர். பிரிட்டிஷ் உளவுத்துறையின் முன்னாள் அதிகாரி, 1930-களிலிருந்தே சோவியத்தின் ஆள். அவர்மேல் சந்தேகம் இருந்தது ஊரறிந்த விஷயம். 1955-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலேயே பெயர் அடிபட்டு, வெளியுறவு அமைச்சர் மாக்மில்லன் எழுந்து ஆதாரமில்லை என்று காப்பாற்றியிருந்தார்.

நியூயார்க் டைம்ஸ் நிருபர் சாம் ப்ரூவர் வெளியூர் போகும்போது, ஃபில்பி வந்தால் கவனித்துக்கொள் என்று மனைவி எலனோரிடம் சொல்லிவிட்டுப் போனார். எலனோரும் ஃபில்பியும் முதலில் சந்தித்தது இதே பாரில். எலனோர் தேவைக்கு மேலேயே கவனித்துக்கொண்டார். 1959-ல் ஃபில்பியைக் கல்யாணம் செய்துகொண்டார். 1963 ஜனவரி 23 அன்று இரவு, பிரிட்டிஷ் தூதரக அதிகாரி ஒருவரின் வீட்டு விருந்தில் எலனோர் காத்திருக்க, ஃபில்பி வரவே இல்லை. மாஸ்கோவில் இருக்கிறார் என்பது அந்த ஜூலையில்தான் உலகத்துக்குத் தெரிந்தது. ஆறு வருஷத்துக்கு மேல் கூடவே குடித்தவர்களில் எத்தனை பேர் இதை முன்கூட்டி எழுதினார்கள்? மனைவியே ஏமாந்தார், நிருபர் என்ன செய்வார் என்று வாதாடலாம். வாதாடுங்கள். ஆனால் அப்புறம் ‘எல்லாச் செய்தியும் அங்கே கிடைத்தது’ என்று எழுதாதீர்கள்.

பார் செய்தியில் உள்ள கோளாறே இதுதான். ஒருவர் வேண்டுமென்றே ஒன்றைக் கசியவிடுவார். சாயங்காலத்துக்குள் அது மூன்று வாயிலிருந்து உங்கள் காதுக்கு வரும். மூன்று பேர் சொல்லிவிட்டார்கள், உறுதி என்று தந்தி அடிப்பீர்கள். மூவரும் கேட்டது அந்த ஒருவரிடம்தான் என்பதை யார் விசாரித்தது?

இன்னொன்று. பாரிலிருந்து கடல் தெரிந்தது. பாலஸ்தீன அகதி முகாம்களும், தெற்கிலிருந்து பிழைக்க வந்தவர்கள் அடைந்து கிடந்த புறநகரும் நகரத்தின் மறுபக்கம் இருந்தன. அங்கே ஐஸ் போட்டுக் கொடுக்க ஆள் கிடையாது. 1975 ஏப்ரலில் உள்நாட்டுப் போர் வெடித்தது. அக்டோபரில் சண்டை ஹோட்டல்களுக்குள்ளேயே வந்தது. முந்தைய வருஷம்தான் திறந்த ஹாலிடே இன் உட்பட ஒவ்வொரு ஹோட்டலையும் ஆளுக்கொரு படை பிடித்துக்கொண்டு சுட்டது. அந்த டிசம்பரில் செயின்ட் ஜார்ஜ் எரிந்தது, பாரும் சேர்ந்து போனது. போர் முடிந்தும் ஹோட்டலுக்கு விடிவு வரவில்லை. நகரத்தைப் புதுப்பிக்க வந்த கம்பெனியோடு உரிமையாளருக்கு வழக்கும் வம்பும். 2005 பிப்ரவரி 14 அன்று முன்னாள் பிரதமர் ரஃபிக் ஹரீரியைக் கொன்ற குண்டு வெடித்தது அந்த ஹோட்டல் வாசலில்தான்.

உருகும் பெரியவர்களின் நினைவில் மேனேஜர் உண்டு, மார்ட்டினி உண்டு, சக நிருபரின் வம்பும் உண்டு. கோப்பை கழுவியவர் போருக்குப் பிறகு என்ன ஆனார் என்று எழுதியவரை நான் இன்னும் படிக்கவில்லை. வாசகர் யாராவது படித்திருந்தால் தெரிவியுங்கள், வெளியிடுகிறேன்.

நம் நிருபர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தப் பதிலின் இரண்டாவது பத்தியை மட்டும் வெட்டி எடுத்துச் செலவுச் சீட்டோடு இணைத்து அனுப்பினால் கையெழுத்துப் போடமாட்டேன்.