துக்க வீட்டில் வசனம்

அன்புள்ள அக்கா,

ஸ்தோத்திரம். நான் குன்னூர் பக்கத்தில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். விடுதி ஜெபக்குழுவை இந்த வருடம் நான்தான் நடத்துகிறேன். அடுத்த கூடுகைக்கு ‘நல்ல தேவன் ஏன் துன்பத்தை அனுமதிக்கிறார்?’ என்று தலைப்பு வைத்திருக்கிறோம். மூன்று பதில்கள் தயார் செய்திருக்கிறேன்: மனிதனுக்குக் கொடுத்த சுயசித்தம், நம்மை வளர்ப்பதற்காக வைக்கும் பரீட்சை, எல்லாவற்றிலும் அவருக்கு இருக்கும் நோக்கம். மாணவர்களிடம் எதை முதலில் வைக்கலாம்? படிக்கப் புத்தகங்களும் சொல்லுங்கள்.

இன்னொன்று. முதலாண்டுப் பையன் ஒருவனின் அம்மா புற்றுநோயில் சமீபத்தில் இறந்துபோனார். ‘இதிலும் ஆண்டவருக்கு ஒரு நோக்கம் இருக்கும்டா’ என்றேன். எழுந்து போய்விட்டான். அதிலிருந்து ஜெபத்துக்கு வருவதில்லை. அவன் விசுவாசத்திலிருந்து பின்வாங்கிப் போகாமல் இருக்க என்ன சொல்லலாம்?

வ., குன்னூர்

*

அன்புள்ள தம்பி,

‘இன்னொன்று’ என்று கடைசியில் வைத்திருக்கிறாயே, அதுதான் உன் கடிதம். அதற்காகத்தான் எழுதுகிறேன். நவம்பர் மழை பிடித்துக்கொண்டாலே எனக்கும் இந்த யோசனை வந்துவிடும். இந்த வாரம் முழுக்க அதில்தான் இருந்தேன்.

சுயசித்தத்தைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடு. குடித்துவிட்டு வண்டி ஓட்டினவனுக்கு அது பொருந்தும், சரிவை வெட்டிக் கட்டடம் எழுப்பினவனுக்கும் பொருந்தும். ஒரு தாயின் வயிற்றில் வந்த கட்டிக்கு யாருடைய சித்தம் என்று எவனாவது கேட்டால் அதோடு சரி.

பரீட்சை என்ற பேச்சையே எடுக்காதே. மகனுக்குக் கேள்வித்தாள் கொடுப்பதற்காக அவன் அம்மாவைக் கொல்லுகிற தேவனை நான் வணங்கவில்லை, நீயும் வணங்கவில்லை. மகனைப் பலியிடும்படி சோதிக்கப்பட்ட ஆபிரகாமின் கதையை எடுத்துக்கொண்டு வருவாய். அங்கே ஆட்டுக்கடா வந்தது, பிள்ளை உயிரோடு வீடு திரும்பினான்.

நோக்கத்துக்கு வருகிறேன். சிம்ஸ் பூங்கா பக்கம் போகும்போது பாஸ்டியர் இன்ஸ்டிடியூட்டைப் பார்த்திருப்பாய். 1902-இல் ஓர் ஆங்கிலேயப் பெண் வெறிநாய்க்கடியால் இறந்துபோனாள். அன்றைக்கு அதற்கு வைத்தியம் பார்க்க வேண்டுமானால் தெற்கிலிருந்து வடக்கே இமயமலைப் பக்கமுள்ள கசௌலிவரை போக வேண்டும். அந்த மரணத்தை ஒட்டித்தான் குன்னூரில் 1907-இல் இந்த நிலையம் வந்தது. அதனால் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர், அதற்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லலாம். ஆனால் அவளைப் பெற்றவளிடம் போய், ‘இந்தக் கட்டடம் வருவதற்காகத்தான் கர்த்தர் உங்கள் மகளை எடுத்துக்கொண்டார்’ என்று சொல்ல உனக்கு வாய் வருமா? நடந்துபோன தீமையிலிருந்து தேவன் ஒரு நன்மையை எழுப்பினார் என்பதை நான் முழு மனதோடு விசுவாசிக்கிறேன். அந்த நன்மைக்காகத்தான் நாயை ஏவினார் என்பது வேறு பேச்சு. நாம் முதலாவதை நினைத்துக்கொண்டு இரண்டாவதைச் சொல்லிவிடுகிறோம். கேட்பவர்களுக்கு இரண்டாவதுதான் காதில் விழுகிறது.

2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உனக்கு அப்போது விவரம் தெரியாத வயது. சபையிலிருந்து சிலர் சேர்ந்து தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் ஒரு லயன் வீட்டுக்குப் போனோம். பள்ளிக்கூடம் போகிற மகனைப் பறிகொடுத்த வீடு. அந்தப் பெண் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவனுடைய சாப்பாட்டு டப்பாவின் மூடியிலிருந்து செம்மண்ணை ஈர்க்குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தாள். மூடியின் விளிம்பில் மண் ஏறி இறுகிப்போயிருந்தது. எங்களோடு வந்தவர் ஒருவர் குடையை மடக்காமல் நின்றபடியே ரோமர் எட்டு இருபத்தெட்டைச் சொன்னார், சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்று. அவள் நிமிரவே இல்லை. இன்னொருவர் வெளியே வந்து, இந்த லயனில் குடி அதிகம், அதனால்தான் இப்படி என்றார். பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருவர், சிலோனிலிருந்து வந்த குடும்பம், சபைக்கு வராதவர், ஒன்றும் பேசாமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். டப்பாவின் அடிப்பாகத்தை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். அதற்கப்புறம்தான் அந்தப் பெண் வாய்விட்டு அழுதாள்.

குடியைக் காரணம் காட்டினவருக்குப் பதில் லூக்கா 13-இல் இருக்கிறது. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தார்கள். மற்றவர்களைவிட அவர்கள் குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்று இயேசுவே சொல்லிவிட்டார். எனக்கு மனம் ஆறாதது குடை பிடித்தவர் சொன்னதுதான், ஏனென்றால் அவர் சொன்ன வசனம் உண்மை.

அந்த வசனம் யாருடையது என்று பார், தம்பி. ஐந்து முறை, முறைக்கு முப்பத்தொன்பது அடி வாங்கின பவுல் எழுதினது. ‘நீங்கள் எனக்குத் தீமை நினைத்தீர்கள், தேவன் அதை நன்மையாக மாற்றினார்’ என்று யோசேப்பு சொன்னதும் அப்படித்தான். குழியில் தள்ளப்பட்டவன் சொன்னான், தள்ளின அண்ணன்கள் சொல்லவில்லை. அதுவும் எத்தனையோ வருடம் கழித்து, தகப்பனை அடக்கம் பண்ணிவிட்டுத் திரும்பிய பிறகு. வலித்தவன் திரும்பிப் பார்த்துச் சொல்ல வேண்டியதை வலிக்காத நாம் முன்கூட்டியே அவன் வாயில் திணிக்கிறோம். பவுலுக்கு அந்த உரிமை உண்டு. உனக்கு யார் கொடுத்தார்கள்? உன் அம்மா நேற்று ராத்திரிகூட உனக்குப் போன் பண்ணியிருப்பார்கள்.

அந்தப் பையன் ஒருநாள், முப்பது வயதிலோ ஐம்பதிலோ, அம்மாவின் மரணத்தில் ஆண்டவரின் கையைப் பார்த்தேன் என்று சாட்சி சொல்லலாம். சொன்னால் எழுந்து நின்று கேட்பேன். சொல்லாமலே போனாலும் அவன் விசுவாசத்தில் குறைந்தவன் இல்லை.

பெத்தானியாவுக்கு வந்தபோது இயேசுவுக்கு நோக்கம் இருந்தது. மரித்துப்போன லாசருவை உயிரோடு எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தேதான் வந்தார். துக்க வீட்டுக்கு அதைவிட நல்ல செய்தியோடு போனவர் யாருமில்லை. லாசருவின் சகோதரி மார்த்தாள் பேச வந்தாள், அவளிடம் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசினார். இன்னொரு சகோதரி மரியாள் காலில் விழுந்து அழுதாள், அவளிடம் விளக்கம் சொல்லவில்லை, கண்ணீர் விட்டார். இத்தனைக்கும் இரண்டு பேரும் ஒரே குறையைத்தான் சொன்னார்கள்: நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் செத்திருக்கமாட்டான். இப்படிப் பேசலாமா என்று ஒருத்தியையும் அவர் அதட்டவில்லை. பதிலைக் கையில் வைத்திருந்தவரே முதலில் அழுதார் என்றால், கூடுகைக் குறிப்பு மட்டும் கையில் இருக்கிற உனக்கு என்ன அவசரம்?

அவன் பின்வாங்கிவிட்டான் என்று எழுதாதே. எல்லாவற்றையும் இழந்து, தான் பிறந்த நாளையே சபித்த யோபுவைத் தேவன் ‘என் தாசன்’ என்கிறார். அவருக்கு வக்காலத்து வாங்கிப் பக்கம் பக்கமாகப் பேசின மூன்று நண்பர்கள்மேல்தான் கோபப்படுகிறார். யோபுவிடமே போங்கள், அவன் உங்களுக்காக வேண்டிக்கொள்ளட்டும் என்கிறார். அந்த நண்பர்களும் முதல் ஏழு நாள் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தவர்கள்தான். அதுவரை ஒரு குறையும் இல்லை.

கூடுகையில் மூன்று பதிலையும் பேசு, வேண்டாம் என்று சொல்லவில்லை. பேசி முடித்ததும் சங்கீதம் 88-ஐச் சத்தமாக வாசி. அது இருளில்தான் முடியும். நீயாக ஒரு நல்ல வார்த்தையை அதன்மேல் ஒட்டாதே, உடனே பாட்டும் ஆரம்பிக்காதே.

புத்தகப் பட்டியல் அப்புறம் அனுப்புகிறேன். அதற்கு முன்னால் அந்தப் பையனைப் போய்ப் பார். ஜெபத்துக்குக் கூப்பிடாதே, சாப்பிடக் கூப்பிடு. அவன் அம்மா எப்படிப்பட்டவர் என்று கேள், அவன் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிரு. கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊருக்குப் போக அவனுக்கு மனம் வராது. அங்கே அவன் அப்பா தனியாக இருப்பார். அதனால் இரண்டு நாளாவது நீயும் அவனோடு போய் இரு.

அன்புடன்,
அக்கா