மென்பொருள் டெஸ்டிங் கற்க இணையத்தில் உருப்படியான இடங்கள் எவை? யாங்கோனில் இருந்துகொண்டு முடியுமா?

தம்பி, உங்கள் கேள்வியில் நாலு விஷயம் சொல்லியிருக்கிறீர்கள்: மாமா கடையில் கணக்கு வேலை, ஆங்கிலம் வாசித்தால் புரியும் ஆனால் பேச வராது, கரண்டு எப்போது வரும் என்று தெரியாது, வெளிநாட்டுக்கு கார்டில் பணம் கட்ட வழியில்லை. நாலுமே இந்தப் படிப்புக்குத் தடை இல்லை. டெஸ்டிங்கில் அடிப்படைச் சரக்கு முழுக்க இலவசம், முக்கியமானவை பிடிஎஃப் ஆகவே கிடைக்கின்றன. ஆள் திணறுவது சரக்கு இல்லாமல் அல்ல, வரிசை தெரியாமல். முதல் நாளே செலினியம் (பிரவுசரைத் தானாக இயக்கிச் சோதிக்கும் கருவி) வீடியோ போட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். எதைச் சோதிப்பது என்றே தெரியாதவர் அதை ஆட்டோமேட் செய்து என்ன பயன்?

முதலில் இறக்க வேண்டியது டெஸ்டிங் சான்றிதழ் தரும் ஐஎஸ்டிக்யூபி அமைப்பின் ஃபவுண்டேஷன் லெவல் சிலபஸ். 2023-இல் வந்த 4.0 பதிப்பைத்தான் எடுக்க வேண்டும். அவர்கள் தளத்திலேயே இலவச பிடிஎஃப், கூடவே விடை விளக்கத்தோடு மாதிரி வினாத்தாள்களும் உண்டு. கலைச்சொற்களுக்குத் தனி குளோசரி தளம் இருக்கிறது. ஆங்கிலம் தடுமாறுகிறவருக்கு அதுதான் கை கொடுக்கும், ஏனென்றால் எரர், டிஃபெக்ட், ஃபெயிலியர் மூன்றும் வேறு வேறு என்பதைச் சாதாரண அகராதி சொல்லித் தராது. சிலபஸில் ஆறு அத்தியாயம். முதலாவதையும் நாலாவதையும் வரிவரியாகப் படியுங்கள். மற்றவற்றை ஒரு தடவை ஓட்டிப் பார்த்தால் போதும். நாலாவது அத்தியாயம் டெஸ்ட் டிசைன். பாடத்துக்கு அவர்கள் ஒதுக்கிய 1135 நிமிடத்தில் 390 நிமிடம் அதற்கே போகிறது. வேலையும் அங்கேதான் இருக்கிறது.

அதில் வரும் சமானப் பகுப்பையும் (ஒரே மாதிரி நடத்தப்படும் உள்ளீடுகளை ஒரு குழுவாகப் பிடிப்பது) எல்லை மதிப்பையும் (வரம்பின் ஓரங்களைச் சோதிப்பது) புத்தக உதாரணத்தோடு விட்டுவிடாதீர்கள். உங்கள் பையில் இருக்கும் என்ஆர்சி அட்டையை (மியான்மர் அடையாள அட்டை) எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாநில எண், சாய்கோடு, டவுன்ஷிப் எழுத்துகள், அடைப்புக்குறிக்குள் குடியுரிமை வகை, கடைசியில் ஆறு இலக்கம். மாநில எண் 1 முதல் 14 வரை. இரண்டு மதிப்பு முறையில் சோதிக்க வேண்டியவை 0, 1, 14, 15. மூன்று மதிப்பு முறை என்றால் 2, 13 இரண்டும் சேரும். அடைப்புக்குறிக்குள் 'நைங்' (முழுக் குடியுரிமை) மட்டும்தான் வரும் என்று படிவத்தை எழுதினால், 'எஹ்' (இணைக் குடியுரிமை), 'ப்யு' (இயல்புரிமை பெற்றவர்) வைத்திருப்பவர் எல்லாம் வெளியே நிற்க வேண்டியதுதான். நம் தமிழ் ஆட்களில் அப்படி எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். இந்தக் கேஸ் வெளியூர் டெஸ்டருக்குத் தோன்றவே தோன்றாது. கடைசி ஆறு இலக்கம் 000123 என்று இருந்தால் என்ன ஆகிறது என்றும் பாருங்கள். டேட்டாபேஸில் அதை எண்ணாக வைத்திருந்தால் முன்னால் இருக்கும் சுழியம் தொலைந்து 123 ஆகிவிடும். எக்செலில் திறந்தாலும் இதே கூத்து.

இன்னொன்று, பர்மிய எண் சுழியமும் 'வ' எழுத்தும் கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும், ஆனால் உள்ளே குறியீடு வேறு. 7-க்கும் அப்படியே ஓர் எழுத்து இரட்டை உண்டு. ஃபோன் எண்ணை பர்மிய இலக்கத்தில் அடிப்பவர் சுழியத்துக்குப் பதில் 'வ'வை அடித்துவிடுவது சாதாரணம். செயலி அதை என்ன செய்கிறது? மறுத்தால் ஏன் மறுத்தது என்று சொல்கிறதா? பர்மிய இலக்கத்தைச் சரியாகவே அடித்தாலும் சிக்கல் வரலாம். இலக்கத்தைக் குறிக்கும் ரெகெக்ஸ் (எழுத்து வடிவத்தைச் சரிபார்க்கும் விதி) குறி ஜாவாஸ்கிரிப்டில் 0 முதல் 9 வரையுள்ள சாதாரண இலக்கத்தை மட்டும் பிடிக்கும். பைத்தான் 3-இல் அதே குறி பர்மிய இலக்கத்தையும் தமிழ் இலக்கத்தையும் சேர்த்துப் பிடிக்கும். ஆக ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய முன்பக்கம் (திரை) தள்ளிவிடுவதை பைத்தானில் எழுதிய பின்பக்கம் (சர்வர்) ஏற்றுக்கொள்ளும். இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்காவிட்டால் இது மாட்டாது.

பர்மியத்தின் பழைய எழுத்துரு முறையான ஸோஜி விவகாரமும் இதே வகை. நாடு 2019 அக்டோபர் 1-இல் யூனிகோடுக்கு மாறியது என்றாலும் பழைய தரவு, பழைய ஃபோன் எல்லாம் போய்விடவில்லை. இரண்டும் ஒரே குறியீட்டுப் பகுதியைப் பயன்படுத்துகின்றன, வரிசைதான் வேறு. தமிழில் 'கெ' என்று எழுதும்போது கொம்பு கண்ணுக்கு முன்னால் தெரிந்தாலும் சேமிப்பில் ககரத்துக்குப் பின்னால்தான் இருக்கும். யூனிகோட் பர்மியமும் அப்படியே. ஸோஜியில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே சேமிப்பு. அதனால் ஸோஜியில் பதிந்த பெயரை யூனிகோடில் தேடினால் கிடைக்காது. கூகிளின் மியான்மர் டூல்ஸ் என்ற திறமூல நூலகம் கிட்ஹப்பில் இருக்கிறது. ஒரு சரம் (எழுத்துத் தொடர்) ஸோஜியா என்று கணித்துச் சொல்லும், மாற்றியும் தரும். சோதனைத் தரவு தயாரிக்க அதை வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே 'நாட்டி ஸ்ட்ரிங்ஸ்' பெரும்பட்டியலையும் இறக்கிவிடலாம். உள்ளீட்டுப் பெட்டியைக் கவிழ்க்கும் சரங்களின் தொகுப்பு அது.

கைப்பழக்கத்துக்கு சாஸ் டெமோ என்ற பயிற்சிக் கடைத் தளம் நல்லது. பக்கம் இலேசானது, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் முகப்பிலேயே எழுதியிருக்கும். சாதாரணப் பயனராக நுழைந்து, கார்ட்டில் (வாங்கும் கூடையில்) ஒன்றும் போடாமல் செக்கவுட் கொடுங்கள். ஆர்டர் முடிந்துவிடும். பிறகு 'பிராப்ளம் யூசர்' என்ற பெயரில் நுழையுங்கள். செக்கவுட்டில் கடைசிப் பெயரை அடித்தால் எழுத்து முதல் பெயர்ப் பெட்டியில் போய் விழும். பயிற்சிக்காகவே உடைத்து வைத்திருக்கிறார்கள். அந்தப் படிவம் கடைசிப் பெயர் இல்லாமல் நகரவே நகராது. குடும்பப் பெயரே இல்லாத பர்மியர் என்ன எழுதுவார்? நம்மில் அப்பா பெயரைப் போடுகிறவர், ஒற்றைப் பெயரோடு நிற்கிறவர்? இதை ஒரு குறையாகவே எழுதிப் பழகலாம். 'தி இன்டர்நெட்' என்ற பயிற்சித் தளத்தில் 'டைப்போஸ்' என்று ஒரு பக்கம் உண்டு. ரீலோட் செய்யும்போது சில தடவை எழுத்துப்பிழை வரும், சில தடவை வராது. எப்போதாவது மட்டும் வரும் பிழையை எப்படி எழுதுவது என்று கற்க அந்த ஒரு பக்கம் போதும்: இருபது முறை ரீலோட் செய்து, எத்தனை முறை வந்தது என்ற கணக்கோடு எழுதுங்கள்.

ஏபிஐ (நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) டெஸ்டிங்குக்கு, கோரிக்கை அனுப்பிப் பார்க்கும் போஸ்ட்மேன் செயலியும் ரெஸ்ட்ஃபுல் புக்கர் என்ற பயிற்சித் தளமும். எனக்குக் கேட்டால் இந்த ஜோடி பத்து வீடியோவுக்குச் சமம். ரெஸ்ட்ஃபுல் புக்கரில் வேண்டுமென்றே பிழைகள் விட்டிருக்கிறார்கள். தவறான கடவுச்சொல்லோடு டோக்கன் (நுழைவுச் சீட்டு மாதிரி) கேளுங்கள்: உள்ளே 'பேட் கிரெடென்ஷியல்ஸ்' என்று எழுதிவிட்டு, நிலைக்குறியீடாக 200 (வெற்றி) கொடுக்கும். ஒரு பதிவை அழித்தால் 201 வரும். 201 என்றால் 'புதிதாக உருவானது' என்று பொருள், அழித்ததற்கு அது எப்படிப் பொருந்தும்? புதிதாக உருவாக்கும்போதோ 201-க்குப் பதில் 200. எது சரி என்று உங்களுக்கே சந்தேகம் வந்தால் எம்டிஎன் (மொசில்லாவின் வலை ஆவணத் தளம்) தளத்தில் நிலைக்குறியீடுகளின் பக்கத்தைத் திறந்து ஒப்பிடுங்கள். அந்த ஒப்பீடுதான் படிப்பு.

புதியவர்கள் இங்கே வழக்கமாக மூன்று இடத்தில் இடறுகிறார்கள். டோக்கனை பேரர் முறையில் (ஆத்தரைசேஷன் ஹெடரில்; ஹெடர் என்பது கோரிக்கையோடு போகும் தகவல் வரி) அனுப்பிவிட்டு 403 (அனுமதி மறுப்பு) வாங்குவது முதலாவது. இந்தத் தளம் டோக்கனை குக்கி ஹெடரில்தான் எதிர்பார்க்கிறது, ஆவணத்திலேயே இருக்கிறது, யாரும் படிப்பதில்லை. அக்செப்ட் ஹெடர் பொருந்தாமல் 418 வருவது அடுத்தது. மூன்றாவது நம் ஊருக்கே உரியது. தளம் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தன்னைத் துடைத்துக்கொண்டு பழைய பதிவுகளுக்குத் திரும்பும். பதிவு ஒன்றை உருவாக்கிய பிறகு கரண்டு போய், ஜெனரேட்டர் போட்டு வந்து அதைத் தேடினால் 404 (கிடைக்கவில்லை). அதைப் பிழை என்று எழுதிவிடாதீர்கள். உருவாக்குவது, படிப்பது, திருத்துவது, அழிப்பது நாலையும் போஸ்ட்மேனில் ஒரே கலெக்ஷனில் (கோரிக்கைத் தொகுப்பில்) வரிசையாக வைத்து, அடையாள எண்ணை வேரியபிளில் பிடித்து ஒரே ஓட்டத்தில் ஓட்டினால் இந்தத் தொல்லை இல்லை.

பக் ரிப்போர்ட் எழுதுவதற்குத் தனி கோர்ஸ் தேட வேண்டாம். மொசில்லாவின் பிழைப் பதிவேடான பக்சில்லா பொதுவில் திறந்திருக்கிறது. 'சரிசெய்யப்பட்டது' என்று முடிந்த பத்துப் பதிவையும், 'மீண்டும் வரவைக்க முடியவில்லை' என்று மூடிய பத்துப் பதிவையும் அடுத்தடுத்து வாசித்தால் வித்தியாசம் தானே தெரியும். தலைப்பிலேயே எங்கே, என்ன செய்தபோது, என்ன ஆனது மூன்றும் இருக்க வேண்டும். 'செக்கவுட் வேலை செய்யவில்லை' தலைப்பு அல்ல. 'செக்கவுட்: கார்ட் காலியாக இருந்தும் ஆர்டர் உறுதியாகிறது' தலைப்பு. கீழே எண்ணிட்ட படிகள், எதிர்பார்த்தது, நடந்தது, பிரவுசரின் பெயரும் பதிப்பும், ஒரு ஸ்கிரீன்ஷாட். நேரத்தை எழுதும்போது யாங்கோன் நேரமா யூடிசியா (உலகப் பொது நேரம்) என்று குறியுங்கள். நமக்கு வித்தியாசம் ஆறரை மணி நேரம். அந்த அரை மணியைக் கணக்கில் எடுக்காத தேதி நிரலும் ஒரு நல்ல வேட்டைக்களம். இவை அனைத்தும் எளிய ஆங்கிலத்தில், குட்டி வாக்கியத்தில் எழுதினால் போதும். பேச வராதது இங்கே குறையே இல்லை.

இதெல்லாம் கைக்கு வந்த பிறகு ஆட்டோமேஷன். கணியம் தளத்தில் எளிய தமிழில் செலினியம், மைஎஸ்கியூஎல், லினக்ஸ் பற்றிய மின்னூல்கள் இலவசமாக இருக்கின்றன. கருத்தைத் தமிழில் பிடித்துக்கொள்ள அருமை. ஆனால் அதிலோ பழைய யூடியூப் வீடியோவிலோ உள்ள நிரல் வரிகளை அப்படியே அடித்தால் இன்று ஓடாமல் போகலாம். பைத்தானில் 'ஃபைண்ட் எலிமென்ட் பை ஐடி' வகைக் கட்டளைகள் 4.3 பதிப்பிலேயே நீக்கப்பட்டுவிட்டன. குரோம் பிரவுசரை இயக்கும் குரோம்டிரைவரைத் தனியாக இறக்கிப் பாதை கொடுக்கும் பாடமும் பழசு, 4.6 முதல் செலினியமே அதைப் பார்த்துக்கொள்கிறது. எனவே வீடியோவின் தேதியை முதலில் பாருங்கள், சந்தேகம் வந்தால் செலினியம் தளத்தின் ஆவணம்தான் முடிவு. எந்தப் பாடத்திலாவது ஐந்து விநாடி தூங்கு, பத்து விநாடி தூங்கு என்று வரிக்கு வரி எழுதியிருந்தால் அதை மூடிவிடலாம். நெட் மெதுவாக இருக்கும் ஊரில் அந்த டெஸ்ட் ஒரு நாள் தேறும், ஒரு நாள் விழும். குறிப்பிட்ட பொருள் திரையில் வரும்வரை காத்திருக்கச் சொல்லும் வெளிப்படைக் காத்திருப்புதான் முறை.

செலினியம் போன்ற இன்னொரு கருவி பிளேரைட். பிளேரைட்டா செலினியமா என்பது அடுத்த சண்டை. புதிதாகத் தொடங்குகிறவருக்கு பிளேரைட் சுலபம், காத்திருப்பைப் பெரும்பாலும் அதுவே கவனித்துக்கொள்ளும். ஆனால் நிறுவும்போது விட்டால் மூன்று பிரவுசரை இறக்கும். குரோமியம் மட்டும் போதும் என்று கட்டளையிலேயே சொல்லிவிடுங்கள், டேட்டா மிச்சம். அப்ளிடூல்ஸ் நடத்தும் டெஸ்ட் ஆட்டோமேஷன் யூனிவர்சிட்டியில் இரண்டுக்கும் இலவசப் பாடங்கள் உண்டு.

சோதிக்க வேண்டிய சேர்க்கைகள் பெருகும்போது, அவற்றைக் குறைத்துத் தரும் மைக்ரோசாஃப்டின் பிக்ட் கருவி உதவும். நாலு ஃபோன் மாடல், மூன்று என்ஆர்சி வகை, மூன்று பெயர் வடிவம், இரண்டு மொழி என்றால் மொத்தம் 72. ஒவ்வொரு ஜோடியும் ஒரு முறையாவது வந்தால் போதும் என்று வைத்தால் 12-ஐ ஒட்டி முடிந்துவிடும்.

ஆழமாகப் போக ஆசை வந்தால் கெம் கேனரின் பிளாக் பாக்ஸ் சாஃப்ட்வேர் டெஸ்டிங் பாடத்தின் வீடியோவும் ஸ்லைடும் இலவசம். பழசுதான், ஆனால் யோசிக்கக் கற்றுத் தருவதில் அதை மிஞ்ச ஆள் இல்லை. ஜேம்ஸ் பாக்கின் ஹியூரிஸ்டிக் டெஸ்ட் ஸ்ட்ராட்டஜி மாடல் சில பக்கம்தான், அச்சிட்டு வைத்துக்கொள்ளலாம். மினிஸ்ட்ரி ஆஃப் டெஸ்டிங் தளத்தில் பாதி கட்டணம், பாதி இலவசம். பாதுகாப்புப் பக்கம் போக வேண்டுமென்றே ஓட்டைகளோடு செய்த ஓவாஸ்ப் ஜூஸ் ஷாப் என்ற பயிற்சித் தளத்தை நோட் (ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் மென்பொருள்) வழியாக உங்கள் மெஷினிலேயே ஓட்டலாம், நெட்டே வேண்டாம். அங்கே கற்றதை அனுமதி இல்லாமல் யாருடைய தளத்திலும் முயன்று பார்க்காதீர்கள்.

நெட் இருக்கும்போது இறக்கி வைக்க வேண்டியவை: சிலபஸ், மாதிரித் தாள்கள், ஜூஸ் ஷாப், நாட்டி ஸ்ட்ரிங்ஸ். டெவ்டாக்ஸ் தளத்தில் எச்டிடிபி, ஜாவாஸ்கிரிப்ட், பைத்தான் ஆவணங்களை ஆஃப்லைனுக்குச் சேமித்துவிட்டால் கரண்டு போனாலும் பேட்டரி உள்ளவரை படிக்கலாம். தேட வேண்டாதவை எக்ஸாம் டம்ப் (பழைய தேர்வுக் கேள்விகளைக் கொட்டி வைக்கும்) தளங்கள். பெரும்பாலும் 2018 சிலபஸ் கேள்விகள், விடையும் பல இடத்தில் தப்பு.

சான்றிதழ் அவசரம் இல்லை. ஐஎஸ்டிக்யூபி ஃபவுண்டேஷன் தேர்வு 40 கேள்வி, 60 நிமிடம், 26 சரியாக இருந்தால் தேர்ச்சி. ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர் ஆங்கிலத்தில் எழுதினால் கூடுதலாக 15 நிமிடம் உண்டு, பதியும்போதே கேட்க வேண்டும். மாதிரித் தாளில் 32-க்குக் கீழே வாங்கிக்கொண்டிருக்கும்வரை பணம் கட்டாதீர்கள். அதற்கு முன்னால் கிட்ஹப்பில் ஒரு ரெப்போ (கோப்புக் கிடங்கு) திறந்து மூன்றை ஏற்றுங்கள்: என்ஆர்சி படிவத்துக்கான டெஸ்ட் கேஸ்கள், சாஸ் டெமோவில் பிடித்த ஐந்து பக் ரிப்போர்ட், ரெஸ்ட்ஃபுல் புக்கர் கலெக்ஷன். கலெக்ஷனை ஏற்றும் முன் உள்ளே சொந்தக் கடவுச்சொல் எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். டெஸ்ட் கேஸில் உண்மையான ஆள் எவருடைய என்ஆர்சி எண்ணும் இருக்கக்கூடாது, வீட்டில் உள்ளவர்களுடையது உட்பட.