பார்க்க ஒரே மாதிரி இருக்கிற பாய்லர்ல இருந்து பார்ட்ஸ் கழட்டி மாட்டலாமா?

கேள்வி: எங்க வீட்ல இருக்கிறது 24 கிலோவாட் கேஸ் காம்பி பாய்லர், ரேடியேட்டருக்கும் குழாய் சுடுதண்ணிக்கும் அது ஒண்ணுதான். பிசிபி, அதாவது எல்லாத்தையும் இயக்குற எலக்ட்ரானிக் போர்டு, போயிடுச்சு. புது போர்டு விலைய கேட்டதும் தலை சுத்துது. தெரிஞ்சவர் ஒருத்தர் அவரோட பழைய பாய்லர கழட்டி வெச்சிருக்கார், அதே கம்பெனி அதே சீரிஸ், ஆனா 30 கிலோவாட். மூடிய தொறந்து பார்த்தா உள்ள அச்சு அசல் ஒண்ணுதான். போர்டு, ஃபேன், கேஸ் வால்வு, எது வேணாலும் எடுத்துக்கங்கன்றார். எடுத்து மாட்டலாமா சார்?

பதில்: போர்டு வேணா எடுங்க, அதுவும் பார்ட் நம்பர் ஒத்துப் போனா மட்டும். ஃபேன், கேஸ் வால்வு வேண்டாம். உங்களோடது கெட்டுப்போகலையே, எதுக்கு அத தொடணும்?

ஒரு சீரிஸ்ல 24, 28, 30 எல்லாத்துக்கும் பெட்டி ஒண்ணா இருக்கிறது சகஜம், தனித்தனி பெட்டி போட்டா கம்பெனிக்குத்தான் செலவு. போர்டும் பல சமயம் ஒரே போர்டுதான், ஆனா நாம எந்த பாய்லர்ல உக்காந்திருக்கோம்னு அதுக்கு யாராவது சொல்லணும்ல, அத சொல்றது ஒரு குட்டி கோட் பிளக், சில மாடல்ல சிப் கார்டு, சிலதுல மெனுல போடுற ஒரு நம்பர். அந்த 30ஓட பிளக்கையும் சேர்த்து அப்படியே கொண்டுவந்து மாட்டினீங்கன்னா போர்டு உங்க பாய்லர 30ன்னு நெனச்சுக்கிட்டு ஃபேன அதுக்கான வேகத்துல ஓட்டும், இப்போ வர்ற கண்டென்சிங் பாய்லர்ல (புகையில போற சூட்டையும் பிடிச்சு பயன்படுத்துற வகை) ஃபேன் எவ்ளோ காத்து இழுக்குதோ அதுக்கு ஏத்தாப்லதான் வால்வு கேஸ் விடும், ஆக 24க்குன்னு செஞ்ச பர்னர்ல அளவுக்கு மீறி எரியும். அதனால உங்க பழைய பிளக்க தூக்கிப் போட்டுடாதீங்க, அதான் புதுசுல ஏறணும்.

கேஸ் வால்வ ஏன் வேண்டாம்னேன்னா, அத மாத்தினா புகைக்குழாய்ல அனலைசர்னு புகைய அளக்குற கருவிய விட்டு சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு) எவ்ளோன்னு பார்த்து திருகி செட் பண்ணணும். இயற்கை எரிவாயுன்னா சுமார் 9 சதவீதம், எல்பிஜின்னா சுமார் 10, சரியான நம்பர் உங்க மாடலோட மேனுவல்ல இருக்கும். தீ நல்லாத்தான் எரியுதுன்னு கண்ணால பார்த்து முடிவு பண்ற வேலை இல்ல இது, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது நிறமும் கிடையாது. அவர் வீட்டுது எல்பிஜியா இருந்திருந்தா இன்னும் வம்பு. ஒரே கன அளவுல எல்பிஜிக்கு சூடு ரெண்டரை மடங்கு, அதனால நாசில் ஓட்டையே சின்னது. பாய்லர்ல ஒட்டியிருக்கிற டேட்டா பிளேட்ல கேஸ் வகை போட்டிருக்கும், பாருங்க. பல நாடுகள்ல பர்னர் இருக்கிற அந்த சீல் பண்ண அறைய தொறக்கவே லைசென்ஸ் உள்ள ஆள்தான் வரணும், அது வெறும் சட்டத்துக்காக மட்டும் இல்ல, பர்னர் மூடிய ஒருதடவ தொறந்தா பல மாடல்ல கேஸ்கெட் (கசியாம அடைக்கிற வளையம்) புதுசு போட்டாகணும்.

தண்ணி பக்கம் கொஞ்சம் தாராளம். பம்ப்பு, டைவர்ட்டர் மோட்டார் (சூட்ட ரேடியேட்டருக்கா குழாய் தண்ணிக்கான்னு திருப்பி விடுறது) எல்லாம் நம்பர் ஒத்தா மாத்திக்கலாம். குழாய் தண்ணிய சூடாக்குற பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர்ல தகடு எத்தனைன்னு எண்ணிப் பாருங்க, 30ல பெரும்பாலும் அதிகமா இருக்கும், நீளமும் மாறலாம்.

சென்சார்ல நானே ஏமாந்திருக்கேன். பைப்புல கிளிப் மாதிரி மாட்டுற என்டிசி, அதாவது தண்ணி சூட்ட அளக்குற சென்சார், பழசு புதுசு ரெண்டும் ஒரே சைஸ், ஒரே பிளக், சந்தோஷமா மாட்டிட்டேன். பார்த்தா பழசு 25 டிகிரில 10 கிலோ ஓம், நான் போட்டது 12. சூடு ஏற ஏற ஓம் குறையுற சாதனம் இது, அப்போ ஓம் கூட இருந்தா போர்டுக்கு என்ன தோணும், தண்ணி இன்னும் ஆறிப்போய் இருக்குன்னுதானே? நிஜத்த விட நாலஞ்சு டிகிரி கம்மியா காட்டிக்கிட்டே இருந்துச்சு, நான் வேற ரெண்டு நாளா பம்ப்ப திட்டிக்கிட்டு இருந்தேன். மல்ட்டிமீட்டர் வெச்சு பார்க்க ஒரு நிமிஷம்கூட ஆகாது.

கேள்வி: பழைய பார்ட் நம்பர குடுத்தா கடைக்காரர் வேற நம்பர் போட்ட பொருள நீட்டுறார். ஏமாத்துறாரா?

பதில்: அவசியம் இல்ல. கம்பெனியே பழைய நம்பர நிறுத்திட்டு புதுசு குடுத்திருக்கலாம், சில சமயம் கூடவே ஒரு சின்ன ஒயர் அடாப்டரும் வரும், தேவையில்லன்னு ஓரமா வெச்சிடாதீங்க. உங்க மாடல் நம்பர், சீரியல் நம்பர் ரெண்டையும் சொல்லி கம்பெனி பார்ட்ஸ் லிஸ்ட்ல இந்த நம்பர் வருதான்னு கேளுங்க. பழசுக்கு பதில் புதுசு போடலாம்னா புதுசுக்கு பதில் பழசும் போடலாம்னு அர்த்தம் இல்ல. நம்பரே சொல்லாம எல்லா மாடலுக்கும் செட் ஆகும்னு சொல்றவர்கிட்ட வாங்காதீங்க. செகண்ட் ஹேண்ட் போர்டுன்னா பின்பக்க போட்டோ கேளுங்க, கனெக்டர் ஓரத்துல பச்சை பூத்திருந்தா தண்ணி சொட்டின போர்டு அது, இனாமா குடுத்தாலும் வேண்டாம்.