உங்கள் டெஸ்க்டாப் யாருக்கு? அண்ணாச்சியிடம் சில கேள்விகள்

(விண்டோஸுக்கு மாற்றான இயங்குதளம் லினக்ஸ். அதில் திரையில் தெரியும் மெனு, பேனல், சாளரம் எல்லாம் சேர்ந்ததே இங்கே ‘டெஸ்க்டாப்’. அந்த நிரல்களில் நெடுநாள் பழகிய அண்ணாச்சியிடம் நெல்லைப் பக்கத்து நண்பர்கள் கேட்டவை.)

அண்ணாச்சி, நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு டெஸ்க்டாப் செய்கிறோம். அறிமுகத்தில் ‘எல்லாருக்கும்’ என்று எழுதியிருக்கிறோம். தப்பா? (கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை)

தப்பில்லை தம்பி, உதவாது, அவ்வளவுதான். எந்த பட்டனை வைப்பது, எதை எடுப்பது என்று உங்களுக்குள் சண்டை வரும்போது ‘எல்லாரும்’ வந்து தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். 1996-ல் மத்தியாஸ் எட்ரிச் என்ற நிரலாளர் கேடிஈ என்ற டெஸ்க்டாப்பை அறிவித்தபோதே, இது சிஸ்டம் அட்மினுக்கு இல்லை, சாதாரணப் பயனருக்கு என்று சொல்லிவிட்டார். நீங்களும் ஒரு ஆளைப் பிடியுங்கள். டவுனில் ரத வீதிப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர் என்று வையுங்கள்: 4 ஜிபி ராம், பழைய பிரிண்டர், வாட்ஸ்அப்பில் வந்து குவியும் பிடிஎஃப். அவருக்கென்றால் பிரிண்டரும் தமிழ்99 விசைப்பலகையும் முதல் நாளே ஓட வேண்டும். அனிமேஷனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டதே, பழைய கணினிக்காரர்கள் எல்லாரும் நம் ஆட்கள்தானே? (ஆசிரியை, தென்காசி)

2025 அக்டோபர் 14-ல் வழக்கமான ஆதரவு முடிந்தது, சரி. ஆனால் பழைய கணினி வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் வேலை ஒன்றா? ஒருவர் விண்டோஸ் நிரலான டாலியில் கணக்கு எழுதுவார், இன்னொருவருக்கு பிரவுசர் மட்டும் போதும். இரண்டாமவரைப் பிடியுங்கள் டீச்சர். டாலிக்காரரை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

நான் லினக்ஸ் போட்டுக் கொடுக்கிறவன், பயன்படுத்துகிறவன் இல்லை. என்னையும் கணக்கில் எடுப்பார்களா? (கணினி சர்வீஸ் கடைக்காரர், மேலப்பாளையம்)

பலரும் மறக்கிற ஆள் நீங்கள்தான். ஜெராக்ஸ் கடைக்காரரா ஐஎஸ்ஓ என்கிற நிறுவல் கோப்பை இறக்கி பென்டிரைவில் எழுதப்போகிறார்? அதனால் இரண்டு பேரையும் தனித்தனியாக எழுதி வைக்கச் சொல்வேன். உங்களுக்கு, நெட் இல்லாமலும் சீக்கிரம் ஏறுகிற நிறுவி வேண்டும். அவருக்கு, நேற்று இருந்த இடத்திலேயே இன்றும் மெனு இருக்க வேண்டும். இடம் மாறினால் போன் உங்களுக்குத்தான் வரும். 2011-ல் க்னோம் என்ற டெஸ்க்டாப்பின் 3-ஆம் பதிப்பு பழைய மெனுவையும் பேனலையும் எடுத்ததும், பிடிக்காதவர்கள் க்னோம் 2-லிருந்து ‘மாட்டே’ (MATE) என்ற தனி டெஸ்க்டாப்பைப் பிரித்துக்கொண்டு போனார்கள். லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகையைச் செய்கிறவர்கள் சினமன் என்று இன்னொரு டெஸ்க்டாப் செய்தார்கள். க்னோமைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் தெரிந்தேதான் மாற்றினார்கள்.

ஆன்லைனில் ஒரு சர்வே வைத்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடாதா? (அம்பாசமுத்திரம்)

அதை நிரப்புகிறவர் பெரும்பாலும் ஏற்கெனவே லினக்ஸ்காரராக இருப்பார். ஒரு மத்தியானம் கடையில் போய் உட்காருங்கள். வாய் பேசாமல், அவர் எங்கே தடுமாறுகிறார் என்று மட்டும் பாருங்கள்.

நிரல் எழுத வருகிறவர்கள் கேட்பதைத் தள்ள முடியுமா? (வள்ளியூர்)

தள்ளலாம். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலுக்குப் பத்து வசதி கேட்பார்கள். செருகுநிரலாகச் செய்துகொள்ளச் சொல்லுங்கள், முதல் திரைக்கு வர வேண்டாம்.