ஸ்காட்லாந்து கால்பந்து லீக்கில் அடித்த கோல்களை வைத்து சுவீடன் ஆட்டக்காரர் ஹென்ரிக் லார்சனை இவ்வளவு கொண்டாட வேண்டுமா?

கொண்டாடத்தான் வேண்டும். "ஸ்காட்லாந்தில் யார் வேண்டுமானாலும் கோல் அடிக்கலாம்" என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

1997இல் நெதர்லாந்தின் ஃபெயனூர்ட் அணியிடமிருந்து ஆறரை லட்சம் பவுண்டுக்கு, கிளாஸ்கோ நகரின் செல்டிக் அணி அவரை வாங்கியது. முதல் லீக் ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்கி, பந்தை நேராக எதிரணிக்காரர் காலில் கொடுத்தார். அது கோலாகி, செல்டிக் தோற்றது. ஆனால் அதே சீசனின் கடைசி நாளில், செயின்ட் ஜான்ஸ்டனுக்கு எதிராக ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே இடப்பக்கமிருந்து உள்ளே வெட்டி, தூர மூலைக்கு வளைத்து அடித்தார். தொடர்ந்து ஒன்பது முறை லீக் பட்டம் வென்றிருந்த, அதே ஊர் எதிரியான ரேஞ்சர்ஸ் பத்தாவதைத் தொடாமல் போனது அன்றைக்குத்தான். கிளாஸ்கோவில் அதன் அருமை தலைமுறை தாண்டியும் பேசப்படும்.

1999 அக்டோபரில் லியோனில் அவர் கால் முறிந்தது. அடுத்த சீசனில் லீக்கில் மட்டும் 35 கோல், ஐரோப்பிய லீக்குகளின் சிறந்த கோலடிப்பவருக்கான தங்கக் காலணி விருது. ஏழு வருடத்தில் செல்டிக்குக்கு மொத்தம் 242.

சரி, லீக்கை விட்டுவிடுங்கள். 2003 மே 21, செவில், யூஈஎஃப்ஏ கோப்பை இறுதி. எதிரே மொரீன்யோ பயிற்றுவித்த போர்ச்சுகல் அணி போர்ட்டோ. வலப்பக்கமிருந்து சக ஆட்டக்காரர் அகாத் தூக்கிக் கொடுத்த கிராஸுக்கு, கோலின் தூரத்துக் கம்பம் பக்கம் எழும்பினார் லார்சன். அவர் உயரம் ஐந்தடி பத்து அங்குலம்தான். ஆனாலும் தடுப்பாட்டக்காரர் கிளம்புவதற்கு ஒரு கணம் முன்பே மேலே போய்விடுவார். பந்து வந்த வழியிலேயே திரும்பி, கோல்கீப்பர் வீட்டோர் பாயியாவைத் தாண்டி மறு மூலையில் மெதுவாக இறங்கியது. எத்தனை முறை போட்டுப் பார்த்திருப்பேன், கணக்கே இல்லை. பிறகு கார்னரிலிருந்து இன்னொரு தலைமுட்டு. இரண்டு முறை சமன் செய்தும் கூடுதல் நேரத்தில் 3-2 என்று தோற்றார்கள். அந்தத் தோல்வி எனக்கு இன்றும் வலிக்கிறது.

பார்சிலோனாவுக்குப் போனபோது வயது 32. 2006 சாம்பியன்ஸ் லீக் இறுதி, பாரிஸ். பத்துப் பேரோடு ஆடிய ஆர்சனல் 1-0 முன்னிலை. 61ஆவது நிமிடத்தில் லார்சன் இறங்கினார். இனியெஸ்டா கொடுத்த பந்தை நிறுத்தவே இல்லை. பூட்ஸால் லேசாகத் தொட்டுத் திசை மாற்றினார், எட்டோ கோல். நான்கே நிமிடம் கழித்து வலப்பக்கம் பெல்லெட்டி ஓடிவரும் பாதையில் பந்தை நழுவவிட்டார், 2-1. ஆட்டம் முடிந்து பேசிய ஆர்சனலின் தியரி ஹென்றி, எல்லாரும் ரொனால்டினோவையும் எட்டோவையும் பற்றிப் பேசுகிறார்கள், ஆட்டத்தை மாற்றியது லார்சன்தான் என்றார். தோற்ற அணியின் கேப்டனே சொன்னபிறகு நான் என்ன சேர்க்க?

சுவீடனுக்காக 106 ஆட்டம், 37 கோல். 2002க்குப் பின் தேசிய அணியிலிருந்து விலகியவரை நாடே கெஞ்சித் திரும்ப வரவைத்தது. 2004 யூரோவில் பல்கேரியாவுக்கு எதிராக உடம்பைத் தரைக்கு இணையாக வீசி முட்டிய கோலைத் தேடிப் பாருங்கள்.

பார்சிலோனாவில் இன்னும் இருந்திருக்கலாம். ஆனால் பிறந்த ஊரான ஹெல்சிங்போரியின் அணிக்கே திரும்பினார். 2007 தொடக்கத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குக் கடனாக வந்தபோதும் அப்படித்தான். அந்த அணியின் மேலாளர் ஃபெர்குசன் இன்னும் இருக்கச் சொல்லியும், கொடுத்த வாக்குப்படி மார்ச்சில் ஊருக்குக் கிளம்பிவிட்டார்.